எலும்பு மஜ்ஜைக்குள் ஒரு ஸ்டெம் செல்: எங்கே தங்குகிறது, எப்போது பிரிகிறது, எதனால் சிவப்பணுவாகிறது

மூட்டுத் தேய்மானம், சர்க்கரை நோய், ஆட்டிசம், பக்கவாதம் என்று எதற்கும் ‘ஸ்டெம் செல் ஊசி’ போடுவதாகச் சொல்லும் விளம்பரங்கள் பெருகிவிட்டன. அவற்றுக்கெல்லாம் அடிப்படையாக இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: ஸ்டெம் செல் உடம்புக்குள் போனால் போதும், பழுதான இடத்தைத் தானே தேடிப்போய், அங்கே தேவைப்படும் செல்லாகத் தானே மாறிக்கொள்ளும். தன்னைப் போன்ற செல்லையும் வேறு வகைச் செல்களையும் தரவல்ல மூலச் செல்தான் ஸ்டெம் செல்; அது அப்படி நடந்துகொள்வதில்லை. அது எதுவாக ஆகும், எப்போது பிரியும், எத்தனை காலம் ஸ்டெம் செல்லாகவே நீடிக்கும் என்பதையெல்லாம் அது தங்கியிருக்கும் இடமும் அங்கே அதற்கு வந்துசேரும் வேதிச் செய்திகளும் பெருமளவு தீர்மானிக்கின்றன. அந்த இடத்திலிருந்து பிடுங்கி வெளியே வைத்தால், சில நாட்களிலேயே தன் இயல்பை இழக்கத் தொடங்கிவிடும்.

இதைப் புரிந்துகொள்ள ரத்த ஸ்டெம் செல்லைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராயப்பட்டது அது. ஸ்டெம் செல் சிகிச்சை என்ற பெயரில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பல்லாயிரம் உயிர்களைக் காப்பாற்றியிருப்பதும் அதுதான்.

ஒரே செல்லிலிருந்து பல வகை

கனடாவின் டொரான்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்குல்லக் இருவரும் 1961ல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்கலாம். எலிகளுக்குக் கடுமையான கதிர்வீச்சு கொடுத்து அவற்றின் மஜ்ஜையை அழித்தார்கள். பிறகு ஆரோக்கியமான எலியின் மஜ்ஜைச் செல்களை ரத்தக்குழாய் வழியே செலுத்தினார்கள். சுமார் பத்து நாள் கழித்து அந்த எலிகளின் மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள் தென்பட்டன. செலுத்திய செல்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் முடிச்சுகளும் அதே விகிதத்தில் கூடின. ஏறக்குறைய பத்தாயிரம் மஜ்ஜைச் செல்லுக்கு ஒரு முடிச்சு என்ற கணக்கு வந்தது. முடிச்சைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சிவப்பணு ஆகப்போகும் செல், வெள்ளையணு ஆகப்போகும் செல், தட்டணுக்களை உதிர்க்கும் பெரிய செல் எல்லாம் கலந்திருந்தன.

ஒரு முடிச்சு ஒரே செல்லிலிருந்து வந்ததா, பல செல்கள் கூடி உண்டாக்கியதா? 1963ல் அதற்கும் விடை கிடைத்தது. கதிர்வீச்சால் சில செல்களின் குரோமோசோம்கள் உடைந்து ஒட்டி, ஒவ்வொன்றும் ஒரு தனி உருவம் பெற்றிருந்தன. அப்படிப்பட்ட அடையாளம் உள்ள முடிச்சைப் பார்த்தபோது, அதிலிருந்த எல்லா வகைச் செல்லிலும் அதே அடையாளம் இருந்தது. ஆக, தாய் ஒன்றே.

அந்த முடிச்சுகளில் பெரும்பாலானவற்றை உண்டாக்கியவை உண்மையான ஸ்டெம் செல்கள் அல்ல, அவற்றுக்கு அடுத்த படியில் நிற்கும் முன்னோடிச் செல்கள் என்பது பின்னால் தெரியவந்தது. அதனால் இன்று அளவுகோல் கடுமையாகியிருக்கிறது. மஜ்ஜை அழிக்கப்பட்ட எலியில் செல்லைச் செலுத்தி, குறைந்தது 16 வாரம் கழித்தும் எல்லா வகை ரத்தச் செல்லையும் அது தந்துகொண்டிருக்க வேண்டும். அந்த எலியின் மஜ்ஜையை இரண்டாவது எலிக்கு மாற்றினால் அங்கேயும் தர வேண்டும். நுண்ணோக்கியில் பார்த்து ‘இதுதான் ஸ்டெம் செல்’ என்று யாராலும் சொல்ல முடியாது. பார்வைக்கு அது லிம்ஃபோசைட் என்ற ஒரு சின்ன வெள்ளையணு போலத்தான் இருக்கும். என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் அடையாளம் காண முடியும்.

தங்கும் இடமும் உறக்கமும்

கரு வளரும்போது ரத்த ஸ்டெம் செல் முதலில் தோன்றுவது எலும்பில் அல்ல. நான்காவது, ஐந்தாவது வாரவாக்கில் மகாதமனியின் உட்சுவரில் உள்ள சில செல்கள் சுவரை விட்டு எழும்பி, ரத்த ஸ்டெம் செல்லாக உருமாறி ரத்த ஓட்டத்தில் கலக்கின்றன. அங்கிருந்து கருவின் கல்லீரலுக்குப் போய்ப் பல மடங்கு பெருகுகின்றன. எலும்புகள் உருவாகி உட்குழிவு கிடைத்த பிறகுதான் மஜ்ஜைக்குக் குடிபெயர்கின்றன. பிறக்கும் வேளையில் குழந்தையின் எல்லா எலும்பிலும் சிவப்பு மஜ்ஜை இருக்கும். பெரியவர்களான பின் அது இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்பு போன்றவற்றில் ஒடுங்கிவிடுகிறது. மஜ்ஜைப் பரிசோதனைக்கு இடுப்பெலும்பின் பின்புறம் ஊசி போடுவது அதனால்தான்.

மஜ்ஜைக்குள்ளும் அது கண்ட இடத்தில் கிடப்பதில்லை. சைனுசாய்டு எனப்படும் மெல்லிய சுவருள்ள ரத்தக்குழாய்களை ஒட்டி, அவற்றைச் சூழ்ந்திருக்கும் ஆதரவுச் செல்களின் அணைப்பில் இருக்கிறது. இந்த ஆதரவுச் செல்கள் இரண்டு முக்கியமான புரதங்களைச் சுரக்கின்றன. எஸ்சிஎஃப் என்பது ஸ்டெம் செல்லின் மேற்பரப்பிலுள்ள கிட் ஏற்பியில் ஒட்டி அதை உயிரோடு வைத்திருக்கிறது. சிஎக்ஸ்சிஎல்12 என்பது சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பியைப் பிடித்து அதை அங்கேயே இருத்துகிறது. இப்படி ஒரு தனி உறைவிடம் இருக்க வேண்டும் என்று ரேமண்ட் ஸ்கோஃபீல்டு 1978லேயே ஊகித்தார். அந்த உறைவிடத்தின் செல்களை இனம் கண்டு நிரூபிக்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

அங்கே ஆக்சிஜன் குறைவு. ஸ்டெம் செல் அதற்கேற்ப, மைட்டோகாண்ட்ரியாவைப் பெரிதாக நம்பாமல், குளுக்கோஸை ஆக்சிஜனின்றி உடைத்தே தன் சொற்பத் தேவையைச் சமாளிக்கிறது. ஆக்சிஜன் குறைவாகப் புழங்கினால் டிஎன்ஏவைச் சிதைக்கும் கழிவு மூலக்கூறுகளும் குறைவு. பெரும்பாலான நேரம் அது பிரியாமல் உறங்குகிறது. மனிதர்களில் ஒரு ரத்த ஸ்டெம் செல் பிரிவது ஆண்டுக்கு ஒரு முறை என்ற அளவில்தான் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

உடலுக்குத் தேவைப்படும் ரத்தமோ கொஞ்சநஞ்சமல்ல. ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்கள் புதிதாக வந்தாக வேண்டும். நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேல். ரத்தத்தை நிலையாக உருவாக்கிவரும் ஸ்டெம் செல்கள் ஒருவரிடம் 50,000 முதல் 2 லட்சம் வரைதான் இருக்கும் என்கிறது மரபணு மாற்றங்களை வைத்துச் செய்த ஒரு மதிப்பீடு. இவ்வளவு சிலதிலிருந்து அவ்வளவு எப்படி? பெருக்கும் வேலையை ஸ்டெம் செல் செய்வதில்லை; இடையில் நிற்கும் முன்னோடிச் செல்கள்தான் செய்கின்றன. ஒரு செல் 20 முறை அடுத்தடுத்துப் பிரிந்தால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். ஒவ்வொரு முறை பிரியும்போதும் டிஎன்ஏவைப் படியெடுப்பதில் பிழை வர வாய்ப்புண்டு. அந்த அபாயத்தைச் சில வாரங்களில் செத்துப்போகும் முன்னோடிகள் தலையில் ஏற்றிவிட்டு, வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய மூலத்தை உடல் பாதுகாக்கிறது. என் பார்வையில் இந்த ஏற்பாட்டில் மிக அழகான பகுதி இதுதான்.

கீமோதெரபி எடுப்பவர்களுக்கு இதன் பலன் நேரடியாகவே தெரியும். மருந்து, வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குகிறது. மஜ்ஜையில் அடிபடுவது முன்னோடிகள். ஏற்கெனவே முதிர்ந்த வெள்ளையணுக்கள் தீர்ந்ததும் எண்ணிக்கை சரிகிறது. பல மருந்துகளுக்கு 7 முதல் 14 நாளுக்குள் அது அடிமட்டத்தைத் தொடும். காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு வரச் சொல்வது இந்த நாட்களை நினைத்துத்தான். உறக்கத்தில் இருந்ததால் தப்பிய ஸ்டெம் செல்கள் விழித்துப் புது முன்னோடிகளைத் தந்து, மூன்று வாரத்தில் எண்ணிக்கையை ஏற்றிவிடுகின்றன. பல கீமோதெரபிகளை 21 நாளுக்கு ஒரு சுற்று என வைத்திருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பிரிந்தபின் எதுவாக ஆவது

ஸ்டெம் செல் பிரியும்போது இரண்டு மகள் செல்களும் ஸ்டெம் செல்லாகலாம், இரண்டுமே முதிரப் போகலாம், ஒன்று தங்கி ஒன்று போகலாம். ஒவ்வொரு முறையும் ‘ஒன்று தங்கு, ஒன்று போ’ என்று கச்சிதமாக நடக்க வேண்டியதில்லை. மொத்தக் கூட்டத்தில் சமநிலை இருந்தால் போதும்.

முதிரும் பாதையைத் தேர்வது செல்லின் உட்கருவில் உள்ள சில புரதங்களின் போட்டி. மரபணுக்களை இயக்கும், அணைக்கும் புரதங்கள் இவை. கட்டா1 என்ற புரதம் சிவப்பணு, தட்டணு வழிக்கான மரபணுக்களை இயக்குகிறது. பியு1 என்ற புரதம் வெள்ளையணுக்களில் மோனோசைட், நியூட்ரோஃபில் வழிக்கானவற்றை இயக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று நேரடியாகப் பிடித்து முடக்கும்; அதே சமயம் ஒவ்வொன்றும் தன் மரபணுவையே மேலும் தூண்டிக்கொள்ளும். அதனால் ஒன்று சற்று ஓங்கினாலும் போதும், அது மேலும் ஓங்கும், மற்றது அடங்கும். முன்னோடிச் செல்லில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கின்றன. முதிர்ந்த செல்லில் ஒன்றுதான் மிஞ்சுகிறது. முதல் சாய்வு எங்கிருந்து வருகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. இந்தப் போட்டி பாதையைத் தொடங்கிவைப்பதைவிட, எடுத்த பாதையை உறுதிப்படுத்துகிறது என்போரும் இருக்கிறார்கள்.

உறுதிப்பட்டபின் மற்ற பாதைகளின் மரபணுக்கள் சுருட்டி மூடப்படுகின்றன. டிஎன்ஏ அழிவதில்லை, படிக்க முடியாதபடி இறுக்கமாகச் சுற்றப்படுகிறது. இந்த மூடல் தானாக நிலைப்பதும் இல்லை, அதைத் தொடர்ந்து பிடித்துவைக்க வேண்டும். பி லிம்ஃபோசைட் ஆகப்போகும் செல்லில் பாக்ஸ்5 என்ற ஒரே புரதத்தை எலியில் நீக்கிப் பார்த்தார்கள். 1999ல் வந்த அந்த முடிவு வியப்பூட்டியது: அந்தச் செல் பி செல் ஆகாமல் நின்றதோடு, சூழலைப் பொறுத்து மேக்ரோஃபேஜ் (கழிவுகளை விழுங்கும் செல்), டி செல் (நோய் எதிர்ப்புக்கான இன்னொரு லிம்ஃபோசைட்) என்று வேறு செல்களாகவும் மாறியது. ஷின்யா யமனாகா 2006ல் நான்கு மரபணுக்களைச் செலுத்தி எலியின் தோல் செல்லை, எல்லாவகைச் செல்லாகவும் மாறவல்ல கருநிலைக்குத் திருப்பியதும் இதே உண்மையின் மறுமுனைதான்.

டி செல் ஆகப்போகும் முன்னோடி மஜ்ஜையை விட்டே கிளம்பி, மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் போகிறது. அங்குள்ள செல்களின் மேற்பரப்பிலிருந்து நாட்ச் என்ற ஏற்பி வழியாகச் செய்தி வராவிட்டால் அது டி செல் ஆகாது. இங்கேயும் இடம்தான் பேசுகிறது.

ஒரு சிவப்பணு உருவாவதைக் கிட்டத்தில் பார்த்தால்

சிவப்பணு வழியில் இறங்கிய முன்னோடி ஒரு கட்டத்தில் எரித்ரோபோய்ட்டின் என்ற ஹார்மோனுக்கான ஏற்பிகளை ஏராளமாக அணிந்துகொள்கிறது. இந்த ஹார்மோனைச் சிறுநீரகத்தில் உள்ள சில செல்கள், ஆக்சிஜன் குறைவதை உணர்ந்து சுரக்கின்றன. ‘சிவப்பணு ஆகு’ என்ற கட்டளையை இது கொடுப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். முக்கியமாக இது செய்வது வேறு: அந்தக் கட்டத்து முன்னோடிகள் எப்போதும் தேவைக்கு அதிகமாகவே உருவாகின்றன, ஹார்மோன் எட்டாதவை தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன, எட்டியவை பிழைக்கின்றன. ரத்தம் இழந்தாலோ உயரமான மலைக்குப் போனாலோ ஹார்மோன் கூடும், பிழைப்பவை கூடும். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பில் ரத்தசோகை வருவதற்கும் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இந்த ஹார்மோனை ஊசியாகப் போடுவதற்கும் காரணம் இதுதான். ஊசி போட்டதும் மறுநாளே ஹீமோகுளோபின் ஏறாது. சில நாளில் இளம் சிவப்பணுக்கள் கூடும். ஹீமோகுளோபின் ஏற்றம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். உடலில் இரும்பு இல்லையென்றால் எவ்வளவு ஊசி போட்டும் பயன் இருக்காது.

பிழைத்த முன்னோடியிலிருந்து புரோஎரித்ரோபிளாஸ்ட் என்ற பெரிய செல் வருகிறது. நடுவில் ஒரு மேக்ரோஃபேஜ், அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு வளரும் எரித்ரோபிளாஸ்ட்கள் என்று மஜ்ஜையில் சிறு சிறு தீவுகளாக இந்த வேலை நடக்கிறது. மூன்று முதல் ஐந்து முறை வேகமாகப் பிரிகின்றன. ஒவ்வொரு முறையும் செல் சிறுக்கிறது. சாயமிட்டுப் பார்த்தால் முதலில் அடர்நீலம்: புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் நிறைந்திருப்பதன் நிறம். பிறகு ஹீமோகுளோபின் சேரச் சேர நீலமும் இளஞ்சிவப்பும் கலந்த சாம்பல் நிறம், கடைசியில் இளஞ்சிவப்பு. அதற்குள் உட்கரு சுருங்கி இறுகிக் கறுத்த புள்ளியாகிவிடும். பிறகு செல் அதை ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றுகிறது. பக்கத்திலிருக்கும் மேக்ரோஃபேஜ் அதை விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது ரெட்டிகுலோசைட். அது ஓரிரு நாள் மஜ்ஜையில் இருந்து, ரத்தத்துக்கு வந்து, சுமார் ஒரு நாளில் மீதமிருக்கும் ரைபோசோம்களையும் இழந்து முழுச் சிவப்பணுவாகி, 120 நாள் ஓடுகிறது.

இந்த வேலைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு தேவை. குடல் உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லிகிராம்தான். மற்றதெல்லாம் வயதான சிவப்பணுக்களை மேக்ரோஃபேஜ்கள் உடைத்துத் திருப்பித் தரும் பழைய இரும்பு. நீண்டகாலத் தொற்றோ அழற்சியோ இருந்தால் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி இந்த இரும்பை மேக்ரோஃபேஜுக்குள்ளேயே பூட்டிவிடும். கையிருப்பு இருந்தும் ரத்தசோகை வரும்.

பி12 வைட்டமினோ ஃபோலிக் அமிலமோ குறைந்தால் கெடுவது வேறு விதம். டிஎன்ஏவுக்கு வேண்டிய தைமிடின் போதாமல் உட்கருவின் முதிர்ச்சி பின்தங்குகிறது. ஹீமோகுளோபின் தயாரிப்போ தடையில்லாமல் நடக்கிறது. செல் பிரியாமல் பெரிதாகிக்கொண்டே போகும். சைட்டோபிளாசம் முதிர்ந்து இளஞ்சிவப்பாக இருக்க, உட்கரு மட்டும் குழந்தைத்தனமாக விரிந்து கிடக்கும். இதுதான் மெகலோபிளாஸ்ட். இவற்றில் பல மஜ்ஜைக்குள்ளேயே செத்துவிடுவதால், மஜ்ஜை நிறைய செல்கள் இருந்தும் ரத்தத்தில் பற்றாக்குறை. தப்பி வருபவை பெரிதாக இருக்கும். ரத்தப் பரிசோதனைத் தாளில் எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரிப் பருமன், 100க்கு மேல் காட்டும். பி12 கொடுத்தால் ஒரு வாரத்துக்குள் ரெட்டிகுலோசைட்கள் துள்ளி ஏறும். ஒரு எச்சரிக்கை: பி12 குறைபாட்டுக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறிவிடும், நரம்புச் சேதம் உள்ளே தொடர்ந்துகொண்டிருக்கும். எம்சிவி கூடியிருக்கிறது என்பதற்காக மருந்துக்கடையில் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

தட்டணு வழி இன்னும் விசித்திரமானது. அங்கே மெகாகேரியோசைட் பிரியாமலே டிஎன்ஏவை மட்டும் மடங்கு மடங்காகப் படியெடுத்து, வழக்கமான இரண்டு தொகுதிக்குப் பதில் 16, 32 தொகுதிகள் வரை சேர்த்து வீங்கி, சைனுசாய்டுக்குள் நீண்ட இழைகளை நீட்டி, ஆயிரக்கணக்கான தட்டணுக்களாக உதிர்கிறது.

முதிர்ச்சி நடுவழியில் நின்றால்

ரத்தப் புற்றுநோய் என்றதும் ‘செல்கள் வேகமாகப் பெருகுகின்றன’ என்றுதான் பொதுவாக விளக்குவார்கள். அதில் ஒரு வகையான தீவிர மைலாய்டு லுகேமியாவில் அடிப்படைக் கோளாறு, முதிராமல் நிற்பது. முதிர்ந்தால் ஒரு நாளில் செத்திருக்க வேண்டிய செல், முதிராததால் சாகாமல் சேர்கிறது.

இதைத் தெளிவாகக் காட்டியது தீவிர புரோமைலோசைட்டிக் லுகேமியா என்ற வகை. 15ஆம், 17ஆம் குரோமோசோம்கள் உடைந்து ஒன்றோடொன்று இடம் மாறுவதால், பிஎம்எல், ஆர்ஏஆர்-ஆல்ஃபா என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டுப் புரதம், நியூட்ரோஃபில் முதிர்வதற்கான மரபணுக்களின் மேல் உட்கார்ந்து அவற்றை மூடிவைக்கிறது. செல் புரோமைலோசைட் கட்டத்தில் உறைந்துவிடுகிறது. அந்தச் செல்களில் நிறைந்திருக்கும் துகள்கள் ரத்தம் உறையும் அமைப்பையே குலைப்பதால், நோயாளி மூளையிலோ நுரையீரலிலோ ரத்தக்கசிவு ஏற்பட்டு ஓரிரு நாளில் இறந்துபோகலாம்.

ஷாங்காயில் வாங் ஜென்யியின் குழு 1980களில் இதற்கு வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவமான ஆல்-டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலத்தைக் கொடுத்தது. மருந்து செல்லைக் கொல்லவில்லை. ஒட்டுப் புரதத்தை விலக்கி, உறைந்து நின்ற செல்லை முதிரவைத்தது. முதிர்ந்த நியூட்ரோஃபில் தன் இயல்பான ஆயுளில் தானே இறந்தது. ஆர்சனிக் டிரையாக்சைடு அதே ஒட்டுப் புரதத்தின் மறுபாதியைப் பிடித்து அதை அழிக்கிறது. ஆர்சனிக்கை மட்டுமே வைத்து முதல் சிகிச்சை தர முடியும் என்று காட்டிய ஆய்வுகளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 2006ல் வெளியிட்டதும் ஒன்று. ரெட்டினாயிக் அமிலத்தோடு கீமோதெரபியும் தாங்க முடியாத செலவாக இருந்த நோயாளிகளுக்கு அது வாசல் திறந்தது. இன்று ரெட்டினாயிக் அமிலத்தையும் ஆர்சனிக்கையும் சேர்த்துக் கொடுத்தால், தொடக்க நாட்களின் ரத்தக்கசிவைத் தாண்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் குணமாகிறார்கள்.

நடைமுறையில் இரண்டு விஷயம் உயிர் காக்கும். நுண்ணோக்கியில் சந்தேகம் எழுந்த உடனே, மரபணுப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல், ரெட்டினாயிக் அமிலத்தைத் தொடங்கிவிட வேண்டும். வழக்கமான அளவு, உடற்பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம். இரண்டாவது, உறைந்திருந்த கோடிக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் முதிரத் தொடங்கும்போது அவை நுரையீரலுக்குள் நுழைந்து, காய்ச்சல், மூச்சுத்திணறல், உடல் எடை திடீரென ஏறுதல் எல்லாம் வரும். அந்த நேரத்தில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை 10 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு முறை தொடங்கத் தாமதித்தால் நோயாளியை இழக்க நேரலாம்.

ஸ்டெம் செல்லை எடுப்பதும் திருப்பி நடுவதும்

உறைவிடம் என்ற கருத்து வெறும் ஏட்டுக்கணக்கல்ல என்பதற்குத் தானம் எடுக்கும் முறையே சாட்சி. பெரும்பாலான தானம் இன்று கையிலுள்ள ரத்தக்குழாயிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஆனால் சாதாரணமாக ரத்தத்தில் ஸ்டெம் செல் அரிது. அதனால் கொடையாளருக்கு ஜிசிஎஸ்எஃப் என்ற ஊசியை, உடல் எடை ஒரு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வீதம் நான்கைந்து நாள் போடுகிறார்கள். அது உறைவிடத்தில் சிஎக்ஸ்சிஎல்12 அளவைக் குறைக்கிறது. பிடி தளர்ந்து ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்கு வருகின்றன. இடுப்பு, முதுகு எலும்புகளில் வலி இருக்கும், பாராசிட்டமால் போதும். வேண்டிய அளவு வராதவர்களுக்கு பிளெரிக்ஸாஃபோர் என்ற மருந்து உண்டு. அது சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பியையே அடைத்துவிடும்.

ஐந்தாம் நாள் வாக்கில் ஒரு கையிலிருந்து ரத்தம் எந்திரத்துக்குப் போய், வேண்டிய செல்கள் பிரிந்து, மீதி மறு கைக்குத் திரும்பும். நாலைந்து மணி நேரம் ஆகும். அளவைச் சிடி34 என்ற மேற்பரப்பு அடையாளத்தைக் கொண்டு எண்ணுகிறார்கள். நோயாளியின் எடை ஒரு கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம்; 40, 50 லட்சம் கிடைத்தால் நல்லது. சிடி34 உள்ளதெல்லாம் ஸ்டெம் செல் அல்ல, பெரும்பாலானவை முன்னோடிகள்தான். உண்மையான ஸ்டெம் செல்லை எண்ணும் விரைவான வழி இல்லாததால் இதை வைத்துக் கணக்கிடுகிறார்கள்.

நோயாளிக்கு முன்கூட்டியே கடும் கீமோதெரபியோ கதிர்வீச்சோ கொடுப்பது நோயை அழிக்க மட்டுமல்ல. பழைய ஸ்டெம் செல்களை அகற்றி உறைவிடத்தைக் காலிசெய்யவும்தான். பிறகு செல்களைச் சாதாரண ரத்தம் ஏற்றுவது போல ரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். எலும்பில் எதையும் குத்துவதில்லை. சிஎக்ஸ்சிஎல்12 இழுக்க, சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் அவை மஜ்ஜையைச் சேர்கின்றன. ரத்த ஸ்டெம் செல் வீட்டுக்கு வழி தெரிந்தது. பிற சிகிச்சைகளை விற்பவர்கள் கடன் வாங்கிக்கொள்வது இந்த ஒரு திறமையைத்தான்.

நியூட்ரோஃபில் எண்ணிக்கை தொடர்ந்து மூன்று நாள் மைக்ரோலிட்டருக்கு 500க்கு மேல் நின்றால் ஒட்டிவிட்டது என்று பொருள். இரண்டு, மூன்று வாரம் ஆகும். தொப்புள்கொடி ரத்தமானால் செல் குறைவு என்பதால் இன்னும் தாமதம். அதுவரை தொற்றுதான் பெரிய எதிரி. ஒட்டிய பிறகும், தானம் வந்த டி செல்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரலை அந்நியமாக நினைத்துத் தாக்கலாம். அதைக் குறைக்கத்தான், செல்களின் மேற்பரப்பிலுள்ள அடையாளப் புரதங்களான எச்எல்ஏவின் பொருத்தம் பார்க்கிறார்கள். உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த வாய்ப்பு நான்கில் ஒன்று. அது கிடைக்காதவர்களுக்குக் கொடையாளர் பதிவேடுகள்தான் கதி. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டாத்ரி என்ற பதிவேடு 2009 முதல் இயங்குகிறது. இந்தியர்களுக்குப் பொருந்தும் கொடையாளர் பெரும்பாலும் இந்தியர்களிடம்தான் கிடைப்பார் என்பதால், 18 வயது கடந்த ஆரோக்கியமான இளைஞர்கள் கன்னத்தின் உட்புற மாதிரியைக் கொடுத்துப் பதிவுசெய்வது பெரிய உதவி.

பாதையைப் பயன்படுத்தும் மரபணுச் சிகிச்சை

செல் முதிரும்போது மரபணுக்கள் இயங்குவதும் அணைவதும் தெரிந்ததால், ஒரு நுட்பமான வழி திறந்திருக்கிறது. ஸ்டெம் செல்லில் மாற்றத்தைச் செய்து, அதன் விளைவு ஒரே ஒரு வாரிசுச் செல்லில் மட்டும் வெளிப்படும்படி செய்யலாம்.

ஹீமோகுளோபின் கோளாறுகளான அரிவாள் செல் நோய்க்கும் தலசீமியாவுக்கும் பிரிட்டன் 2023 இறுதியிலும், அமெரிக்கா முறையே 2023 இறுதியிலும் 2024 தொடக்கத்திலும் அனுமதித்த காஸ்கெவி என்ற சிகிச்சை இப்படிப்பட்டது. பிசிஎல்11ஏ என்ற புரதம் பிறந்தபின் கருக்கால ஹீமோகுளோபினை அணைத்துவிடுகிறது. அந்தப் புரதம் வேறு செல்களுக்கும் தேவை என்பதால் முழுக்க நீக்க முடியாது. ஆகவே சிவப்பணு வழியில் மட்டும் அதை இயக்கும் பொத்தானை, குறிப்பாக மேலே சொன்ன கட்டா1 வந்து உட்காரும் இடத்தை, கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரி கொண்டு வெட்டுகிறார்கள். ஸ்டெம் செல் மற்ற வேலைகளை வழக்கம்போலச் செய்யும். சிவப்பணு மட்டும் கருக்கால ஹீமோகுளோபினைத் தயாரிக்கும். நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் பண்பு இருப்பது 1952லேயே கண்டறியப்பட்டது. இந்தச் சிகிச்சையின் விலை லட்சக்கணக்கான டாலர். அங்கிருக்கும் குடும்பங்களுக்கு அது எட்டாத தூரத்தில் இருப்பது எனக்குப் பொறுக்க முடியாததாகவே படுகிறது.

ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோயான ஹீமோபிலியா ஏ பற்றி வேலூர் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் செய்த ஆய்வு நம்பிக்கை தருகிறது. ஐந்து நோயாளிகளின் சொந்த ஸ்டெம் செல்லில், உறைதல் காரணி எட்டுக்கான மரபணுவை, மரபணுவைச் சுமந்து செல்லும் லென்டிவைரஸ் மூலம் நுழைத்தார்கள். அந்த மரபணுவுக்கு முன்னால் வைத்தது மோனோசைட், மேக்ரோஃபேஜ் வழியில் மட்டும் இயங்கும் பொத்தான். ஸ்டெம் செல்லில் அமைதி, வாரிசில் உற்பத்தி. 2024 டிசம்பரில் வெளியான முடிவில், கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை.

இந்தச் சிகிச்சைகளில் செல்களை ஆய்வகத்தில் சில நாட்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை. எஸ்சிஎஃப், திராம்போபோய்ட்டின் போன்ற வளர்ச்சிப் புரதங்கள் எல்லாம் ஊற்றி வளர்த்தாலும் தட்டில் அவை விழித்து, பிரிந்து, முதிரத் தொடங்கிவிடும். ஒரு வாரத்தில் எண்ணிக்கை பல மடங்காகும், எண்ணியவர் மகிழ்வார், நட்டால் நீடிக்காது. எலி செல்களில் 2019ல் ஒரு பெரிய தடை தாண்டப்பட்டது. வளர்ப்பூடகத்தில் வழக்கமாகச் சேர்க்கும் ஆல்புமினுக்குப் பதிலாக, பசையில் பயன்படும் பாலிவினைல் ஆல்கஹாலைச் சேர்த்தபோது, ஸ்டெம் செல்லாகவே இருந்து ஒரு மாதத்தில் நூற்றுக்கணக்கான மடங்கு பெருகின. மனித செல்களுக்கு அவ்வளவு தூரம் வரவில்லை. நிகோடினமைடு சேர்த்துப் பெருக்கிய தொப்புள்கொடி ரத்தத்துக்கு 2023ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அங்கும் பெரும் லாபம், நியூட்ரோஃபில்கள் விரைவாக ஏறுவதில்தான்.

விளம்பரங்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். கொழுப்பிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்த, மீசன்கைமல் எனப்படும் இணைப்புத்திசுச் செல்லை ரத்தக்குழாயில் ஏற்றினால், பெரும்பகுதி முதலில் நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கி, சில நாளில் மறைந்துவிடும். மூளைக்குப் போய் நரம்புச் செல்லாவதில்லை. ‘குழந்தைக்குப் பின்னால் உதவும்’ என்று தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் சேமிப்பதிலும் இதே சிக்கல்: மரபணுக் கோளாறால் வரும் நோய்க்கு அதே கோளாறு உள்ள சொந்தச் செல் உதவாது, குழந்தைப்பருவ லுகேமியாவில் நோய்க்கான முதல் மாற்றம் பிறப்பின்போதே அந்த ரத்தத்தில் இருந்திருக்கலாம். குடும்பத்தில் ஏற்கெனவே மாற்று சிகிச்சை தேவைப்படும் குழந்தை இருந்தால் மட்டும் சேமிப்பது பொருளுள்ளது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல், ரத்த நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையைத் தவிர மற்றவற்றை, அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வாக மட்டுமே செய்யலாம் என்கிறது. உண்மையான ஆய்வானால் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் அதன் எண் இருக்கும். பங்கேற்பவரிடம் பணம் வாங்கக் கூடாது. ஊசிக்கு லட்சக்கணக்கில் கட்டணம் சொல்லும் இடத்தில் முதலில் அந்த எண்ணைக் கேளுங்கள். பிறகு, எந்தச் செல், எத்தனை, அது எங்கே போய்த் தங்கும், அங்கே எந்தச் செய்தி அதை மாற்றும் என்று கேளுங்கள்.